ஒன்பது குழு, ஒரு ஜமக்காளம்

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு அடியில் பத்து ரூபாய் ஒளித்து வைக்காத இல்லத்தரசி உண்டா? பால் கணக்கில் மிச்சம், காய்கறியில் மிச்சம் என்று சேர்ப்பது நமக்குக் கைவந்த கலை. இதையே பத்துப் பதினைந்து பெண்கள் கூடி, கணக்கு எழுதி, முறையாகச் செய்தால் அதுதான் மகளிர் சுய உதவிக் குழு.

தமிழ்நாட்டில் இதற்கு வித்திட்ட மாவட்டம் தருமபுரி. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் உருவாயிற்று. 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தருமபுரியில் குழுக்கள் அமைக்கும் திட்டம் துவங்கியது. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைத்துக் கடன் கொடுக்க வழி செய்தது.

குழு இல்லாவிட்டால் என்ன ஆகும்? வட்டிக்கடைக்காரரிடம் அஞ்சு வட்டிக்கு ஐயாயிரம் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி. வருஷத்தில் 3,000 கட்டியும் அசல் ஐயாயிரம் அப்படியே நிற்கும்! குழுவின் அருமை அப்போது தெரியும்.

இதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான். ஆனால் ஒரு குழுவை இன்னொரு குழு சந்தித்து, "நீங்க எப்படிச் செய்யறீங்க?" என்று கேட்டால் என்ன நடக்கும்? தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சமுதாயக் கூடத்தில் நடந்த அப்படியொரு கூட்டத்தில் ஒரு நாள் முழுவதும் நான் உட்கார்ந்திருந்தேன்.

மேடை இல்லை. மாலை மரியாதை இல்லை. ஜமக்காளத்தை விரித்து ஒன்பது குழுக்கள் வட்டமாக உட்கார்ந்தன. குழுவுக்கு இரண்டு படி அரிசி என்று கொண்டுவந்து போட்டதில் மத்தியானச் சாப்பாடு பின்கட்டில் வெந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் கட்டிய தூளியில் கைக்குழந்தைகள் தூங்கின. ஒரே ஒரு விதி: ஒவ்வொரு குழுவும் நன்றாக நடந்த ஒன்றையும், சரியாக நடக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

நானூற்றைம்பது ரூபாய்

முதலில் எழுந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். குரலில் பெருமை.

"எங்க குழுவுல இதுவரைக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை. ஐயாயிரம் கடன், பத்துத் தவணை, நூத்துக்கு ரெண்டு வட்டி. மாசம் ஐந்நூறு அசல், நூறு வட்டி. பத்து மாசத்துல ஆயிரம் ரூபா வட்டி வந்துடும்."

கைதட்டல் அடங்கியது. தூளி ஆட்டிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். "அக்கா, ஒரு சந்தேகம். முதல் மாசம் ஐந்நூறு கட்டிட்டா பாக்கி நாலாயிரத்து ஐந்நூறுதானே? அடுத்த மாசம் எதுக்கு நூறு ரூபா வட்டி?"

"எப்பவும் அப்படித்தான் கண்ணு போடறோம்."

"எங்க குழுவுல பாக்கிக்குத்தான் வட்டி, அக்கா."

சாக்பீஸ் வந்தது. தரையிலேயே கணக்குப் போட்டார்கள். முதல் மாதம் 100, அடுத்தது 90, பிறகு 80... பத்தாவது மாதம் 10. கூட்டினால் 550. அதே கடன், அதே ரெண்டு வட்டி. ஆனால் ஒரு குழுவில் 1,000, இன்னொன்றில் 550! வித்தியாசம் 450 ரூபாய்.

அந்த அம்மாள் விடவில்லை. "இருக்கட்டுமே! வட்டி வெளியிலயா போகுது? குழுவுக்குத்தானே வருது? லாபத்தை நாமதானே பிரிச்சுக்கறோம்?"

நியாயமான கேள்விதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இளம்பெண் சொன்ன பதில் என் நெஞ்சில் தைத்தது.

"அக்கா, அடிக்கடி கடன் வாங்கறது யாரு? இல்லாதவங்கதானே? லாபத்தை மட்டும் எல்லாருக்கும் சமமாப் பிரிக்கறோம். அப்போ இல்லாதவங்க கட்டின அதிகப்படி வட்டி, கடனே வாங்காதவங்களுக்கும் போகுதே?"

கூடத்தில் சத்தமே இல்லை. பின்வரிசையில் அந்த அம்மாளின் குழுவைச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். கணவரின் வைத்தியத்துக்காக மூன்று முறை கடன் வாங்கி, மூன்று முறையும் தவணை தவறாமல் கட்டியவள். "எனக்கு இது தெரியலியே..." என்றாள், தனக்குள் பேசுவது போல.

அம்மாளின் முகம் மாறியது. கொஞ்ச நேரம் தரையிலிருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த கூட்டத்துல தீர்மானம் போட்டு மாத்திடறோம். ஏற்கெனவே கட்டினவங்களுக்கு என்ன செய்யலாம்னும் பேசறோம்" என்றார். அவர் குழுவினர் தலையாட்டினார்கள். இதை ஓர் அதிகாரி வந்து சொல்லியிருந்தால் இத்தனை சீக்கிரம் ஏற்றிருப்பார்களா? அவர்களைப் போலவே பத்து ரூபாயை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் ஒருத்தி சொன்னதால்தான் உறைத்தது!

நோட்டு ஒருவரிடமே இருந்தால்

இன்னொரு குழு எழுந்தது. எழுந்தவர்கள் ஏழே பேர். ஒரு காலத்தில் பதினைந்து பேர் இருந்த குழுவாம்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஒருத்தங்க எல்லா நோட்டையும் எழுதினாங்க. தங்கமானவங்க. வீட்டுக்காரருக்கு வேலை மாத்தலாகி ஊரை விட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அப்புறம் பார்த்தா, எங்க பாஸ்புக்குல ஏழு மாசமா வரவே ஏறலை. யாரு எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எவ்வளவு பாக்கி, ஒண்ணும் புரியலை. சண்டை வந்துடுச்சு. எட்டுப் பேர் விலகிட்டாங்க."

யாரும் திருடவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. இருந்தும் குழு பாதியாயிற்று. வீட்டிலும் இதே கதைதானே? கேஸ் புத்தகம் எங்கே, இன்ஷூரன்ஸ் பத்திரம் எங்கே என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால், அவர் படுத்துக்கொண்டால் வீடே தவிக்கிறதில்லையா!

மற்ற குழுக்கள் சேர்ந்து யோசனை சொன்னார்கள். கூட்டம் முடியும் முன்பே அன்றைய வரவு செலவை உரக்கப் படிக்க வேண்டும். அவரவர் பாஸ்புக்கில் அன்றே பதிய வேண்டும். பெட்டி ஒரு வீட்டிலும் சாவி வேறு வீட்டிலும் இருக்கட்டும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் சுழற்சியில் மாற வேண்டும். எழுதத் தெரியாதவர் கணக்கைக் காதால் கேட்டே சரி பார்க்கலாம். மனக்கணக்கில் நம் பாட்டிமார்களை யார் ஜெயிக்க முடியும்?

மாவு ஏன் கட்டி தட்டியது?

சாப்பாட்டுக்குப் பின் சத்துமாவு விஷயம் வந்தது. இளம் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு குழு முளைகட்டிய கேழ்வரகு மாவு விற்கிறது. "பத்து நாள்ல கட்டி தட்டி, ஒரு மாதிரி வாடை வருது. பாதி திரும்பி வந்துடுச்சு" என்று வருத்தப்பட்டார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று விசாரித்ததில் குட்டு வெளிப்பட்டது. மில்லிலிருந்து வந்த மாவைச் சூட்டோடு பாக்கெட்டில் அடைத்திருக்கிறார்கள். உள்ளே ஈரம் வியர்த்துவிட்டது!

இன்னொரு குழு சொன்ன பக்குவம்: கேழ்வரகைக் கழுவி இரவு முழுவதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி முளை வரவிடுங்கள். நன்றாகக் காயவைத்து, வாசனை வர லேசாக வறுத்து, அரையுங்கள். மாவைச் சுத்தமான துணியில் பரப்பி, முழுக்க ஆறிய பிறகே அடையுங்கள்.

பாக்கெட்டின் மேல் "மூன்று மாதக் குழந்தை முதல்" என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, வந்திருந்த கிராம சுகாதார செவிலியர் பதறிப்போனார். "ஆறு மாசம் முடியற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தாம்மா. தண்ணிகூட வேண்டாம். அதுக்கப்புறம்தான் கஞ்சி. அப்பவும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது" என்றார். அச்சடித்த லேபிள்களை அன்றைக்கே ஒதுக்கி வைத்தார்கள். நஷ்டம்தான். ஆனால் எந்த வீட்டுக் குழந்தையின் வயிற்றையோ காப்பாற்றிய நஷ்டம்! விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

நீங்களும் கூட்டலாமே!

குழுக்களுக்குப் பஞ்ச சூத்திரம் என்று ஐந்து விதிகள் சொல்வார்கள். தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் சுழற்சி, உரிய காலத்தில் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைய கணக்கு. ஆறாவதாக, மற்ற குழுவின் முன்னால் நோட்டைத் திறந்து வைப்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். உங்கள் தெருவில் குழுவோ, மாதர் சங்கமோ, பத்துப் பேர் கூடும் சீட்டோ இருந்தால், பக்கத்துத் தெருக்காரர்களை ஒரு நாள் அழையுங்கள். பின்வருவனவற்றை மட்டும் மறவாதீர்கள்:

* பேச ஒருவர் மட்டும் வராமல் குழுவே வரட்டும். பின்வரிசைப் பெண்ணின் காதில்தான் முக்கியமான விஷயம் விழ வேண்டும்.
* தீர்மான நோட்டு, கணக்கு நோட்டு, பாஸ்புக் மூன்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.
* சரியாக நடக்காததையும் சொல்லச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு யாரும் சிரிக்கக் கூடாது. வெளியில் போய்ப் பேசவும் கூடாது.
* கடன் வட்டி முழு அசலுக்கா, பாக்கிக்கா என்று தரையில் எழுதிப் பாருங்கள்.
* கலையும் முன், ஒவ்வொரு குழுவும் மாற்றப்போகும் ஒரு காரியத்தைத் தன் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த சந்திப்பில் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

பால் கணக்கில் ஐந்து ரூபாய் தவறினால் விடாமல் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைச் சங்கத்திலும் கேட்போம். கேட்பவளைக் குறை சொல்லாமல், உட்கார வைத்துப் பதில் சொல்வோம்.