விரல் தின்னியை வீட்டுக்குக் கொண்டு வந்த கதை

முந்தின ஆடிக் காற்றில் வேலியோரம் நின்ற பூவரசு ஒன்று சாய்ந்தது. அறுத்துப் பலகையாக்கி, இடையில் ரீப்பர் கொடுத்து, நிழலில் அடுக்கிக் காயவைத்தேன். தேனீப் பெட்டி செய்யலாம் என்று எண்ணம். பூவரசில் அகலமான பலகை சுலபத்தில் கிடைக்காது. இரண்டு மூன்றை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்ட வேண்டும். விளிம்பு நேராக இல்லாவிட்டால் இடுக்கு விழும். இடுக்கு இருந்தால் முதலில் எறும்பு வரும், பிறகு மெழுகுப் புழு வரும். கை இழைப்புளியால் நான்கு பலகை இழைத்ததில் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிட்டது. வயசு அறுபத்தி நாலு.

அப்போதுதான் கோவை உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்த இழைப்பு மெஷினைப் பார்த்தேன். முழுக்க வார்ப்பிரும்பு. துரு பிடித்து செம்மண் கட்டி மாதிரி கிடந்தது. 140 கிலோ, கிலோ 45 ரூபாய், ஆக 6,300. வங்கியில் இருந்த காலத்தில் இந்த மாதிரிப் பொருளை யாராவது ஜாமீனாகக் காட்டியிருந்தால் மதிப்பு பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். இப்போது என் காசைக் கொடுத்து வண்டியில் ஏற்றினேன்.

முதல் வேலை பெயிண்டை எடுப்பது. இதில் நம் நண்பர்கள் கவனமாக இருக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இயந்திரங்களுக்கு அடிக்கும் பெயிண்ட் அந்த விதிக்குள் வரவும் இல்லை. பத்து வருஷம் ரசாயனம் படாமல் காப்பாற்றிய மண்ணில் அதைச் சுரண்டிக் கொட்டினால் என்ன நியாயம்? சிமெண்ட் தரையில் தார்ப்பாய் விரித்து, தண்ணீர் தெளித்து, ஈரத்திலேயே சுரண்டினேன். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். சுரண்டியதை டப்பாவில் அடைத்துத் தனியாக வைத்திருக்கிறேன். குப்பைக்குழிக்குப் போகவில்லை.

துருவுக்கு ஆசிட் வேண்டியதில்லை. மாட்டுத் தீவனத்துக்கு விற்கும் மொலாசஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. பிளாஸ்டிக் டிரம்மில் கலந்து பாகங்களை முக்கிவைத்தேன். பாகில் இருக்கும் பொருள்கள் துருவைப் பிடித்து இழுத்துக் கரைத்துக்கொள்கின்றன. நல்ல இரும்பை அவ்வளவாகத் தொடுவதில்லை. பதினைந்து நாளில் சாம்பல் நிறத்தில் வெளியே வந்தது. கழுவிய கையோடு துடைத்து எண்ணெய் பூச வேண்டும், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே மறுபடி துரு ஏறும். அலுமினியத்தையும் துத்தநாகம் பூசியதையும் அதில் போடக் கூடாது, அரித்துவிடும். நாற்றத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஜீவாமிர்தம் கலக்குகிறவர்களுக்குப் பழக்கம்தான், என் மனைவிக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.

பேரிங் இரண்டும் போயிருந்தன. துடைத்துப் பார்த்தால் நம்பர் 6205. உள் விட்டம் 25 மி.மீ., வெளி விட்டம் 52, அகலம் 15. எத்தனையோ பம்பு மோட்டாரில் இருக்கிற அதே பேரிங், உள்ளூரிலேயே கிடைத்தது. இந்தப் பழைய மெஷின்களில் எனக்குப் பிடித்ததே இதுதான். கெட்டுப்போவது எல்லாம் நம் ஊர்க் கடையில் கிடைக்கிற சாமான்.

இத்தனையும் முடித்து, மோட்டார் மாட்டலாம் என்று இருந்த அன்று ஊர்த் தச்சர் அண்ணன் வந்தார். எழுபது தாண்டியவர். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான் இருக்கும். எப்படிப் போனது என்று அதுவரை நான் கேட்டதில்லை. மெஷினைச் சுற்றி வந்தார், பிளேடு மாட்டும் தலையைக் கையால் ஒரு சுற்று சுற்றினார்.

"சார், இது விரல் தின்னியாச்சுங்களே. எங்க புடிச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை. தன் கையைத் தலைக்கும் மேசைக்கும் இடையில் வைத்துக் காட்டினார். தலை சதுரம். நாலு மூலையும் சுற்றி வர மேசையில் அகலமான வாய் விட்டாக வேண்டும். சுற்றும்போது கண்ணுக்கு உருளை மாதிரி தெரியும், ஆனால் மூலைக்கும் மூலைக்கும் நடுவே பள்ளம். விரல் வழுக்கினால் அந்தப் பள்ளத்துக்குள் முழுசாக இறங்கும். உருண்டைத் தலையில் அந்த இடம் இரும்பால் நிறைந்திருக்கும். விரல் பட்டால் காயம்தான், ஆனால் உள்ளே இழுக்காது. இங்கிலாந்தில் 1922-லேயே, கையால் தள்ளி இழைக்கும் மெஷினுக்கு உருண்டைத் தலைதான் இருக்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். நம் பட்டறைகளில் சதுரம் அதற்குப் பிறகும் ரொம்ப காலம் ஓடியது. அண்ணனின் இரண்டு விரலும் அப்படித்தான் போயிருக்கின்றன, இருபத்தி இரண்டு வயதில்.

நம் கூட்டங்களில் பழசு என்றாலே ஒரு மரியாதை உண்டு. நானும் அப்படிப் பேசுகிற ஆள்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய மெஷினைப் பழையபடியே ஓட்ட வேண்டும் என்ற ஆசை ஒருபக்கம். விடுமுறைக்கு வரும் பேரன் பட்டறையை விட்டு நகர மாட்டான் என்ற நினைப்பு மறுபக்கம். காலையில் கோவைக்குப் பஸ் ஏறினேன்.

மூன்று பிளேடு போடும் உருண்டைத் தலை 8,000 ரூபாய். மெஷினை விட அதிகம். பேரிங் 900, பழைய 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் 6,500. மொத்தம் 21,700. மூன்று பிளேடையும் விதை நிறுக்கும் தராசில் போட்டு, கனமானதைச் சாணை பிடித்து ஒரே எடைக்குக் கொண்டு வந்தேன். எடை மாறினால் தலை அதிரும். மோட்டார் 1,440 சுற்று. அதில் 9 அங்குலப் புல்லி, தலையில் 3 அங்குலம். 4,320 சுற்று வருகிறது. வாங்கும்போதே அந்தத் தலை எவ்வளவு சுற்று தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின் மேசை பிளேடு நுனியின் உச்சத்தோடு சரிமட்டமாக இருக்க வேண்டும். தாழ்ந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும், உயர்ந்தால் பலகை முட்டி நிற்கும்.

கரண்ட் விஷயத்தில் இரண்டு. தோட்டத்து இலவச மின்சாரத்தில் பட்டறை ஓட்டக் கூடாது, வீட்டு இணைப்பில்தான் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, பம்பு செட்டுக்குப் போடுகிற ஆட்டோவை இதற்குப் போட்டுவிடாதீர்கள். கரண்ட் போய்த் திரும்பினால் மெஷின் தானாக ஓடவே கூடாது. கை வைத்து அழுத்தினால் மட்டும் ஓடும் ஸ்டார்ட்டர்தான் வேண்டும். தோளில் துண்டு, கையில் கிளவுஸ் இரண்டும் ஆகாது. பலகையைக் கட்டை வைத்துத் தள்ளுகிறேன், உள்ளங்கையால் அல்ல.

முதல் பலகையை அண்ணன்தான் இழைத்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை.

"எனக்கு ரெண்டு பொட்டிக்குப் பலகை போட்டுக் குடுங்க சார்" என்றார்.

சதுரத் தலையை எடைக்குப் போட்டால் யாராவது வாங்கி மறுபடியும் மாட்டிவிடுவார்கள். லேத்துப் பட்டறையில் கொடுத்து இரண்டாக அறுத்து வாங்கி வந்தேன். ஒரு பாதி பஞ்சகவ்யா டிரம் மூடியின் மேல் பாரமாக இருக்கிறது. இன்னொரு பாதியை அண்ணன் கேட்டு எடுத்துப் போனார். எதற்கு என்று கேட்கவில்லை.