தாயின் உணவும் தாய்ப்பாலின் தாதுச்சத்துகளும்

பிள்ளை பெற்றவள் பத்தியம் காத்தால் பாலில் சத்து குறைந்துவிடுமா? பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எந்தச் சத்து என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் அளவு, தாய் அன்றாடம் உண்பதற்கேற்பப் பெரிதும் மாறுவதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கால்சியம் பாலின் வழியே குழந்தைக்குச் செல்கிறது. இதற்காகத் தாயின் எலும்பிலிருந்தும் கால்சியம் எடுக்கப்படுகிறது. பாலூட்டல் நின்றபின் எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஆயினும் மோர், மீன், கீரை, கேழ்வரகு எனப் பலவற்றையும் விலக்கும் கடும் பத்தியத்தை நாங்கள் ஏற்பதில்லை. அதனால் நலிவது தாயே. அரசு வழங்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளைப் பிரசவத்திற்குப் பின் 6 மாதம் வரை தொடருங்கள். இரண்டையும் ஒரே வேளையில் உட்கொள்ளாமல் 2 மணி நேர இடைவெளி விடவும். இரும்பு மாத்திரை தாயின் இரத்தசோகைக்கானது. அதனால் பாலில் இரும்பு கூடுவதில்லை. நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போதே சேர்ந்திருக்கும் இரும்பு ஏறத்தாழ 6 மாதம் போதுமானது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு முன்னதாகவே சொட்டு மருந்து தேவைப்படும்.

அயோடின் அவ்வாறன்று. தாயின் உணவில் அது குறைந்தால் பாலிலும் குறையும். குழந்தையின் தைராய்டு சுரப்பி அயோடினைக் கொண்டே இயங்குகிறது. மூளை வளர்ச்சி அச்சுரப்பியைச் சார்ந்தது. பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம் மாநிலம் கவலை கொள்ள வேண்டிய இடமும் இதுவே. 2018-19ஆம் ஆண்டில் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு மட்டுமே. உப்பு விளையும் மாநிலத்திலேயே இந்நிலை! கடல்நீரில் விளைந்த கல் உப்பில் இயல்பாகவே அயோடின் இருக்கும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அதில் மிகச் சிறிதளவே உண்டு, இந்துப்பும் அப்படியே.

கல் உப்பே வேண்டுமெனில், அயோடின் கலந்த கல் உப்பும் பாக்கெட்டில் கிடைக்கிறது; உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பாருங்கள். ஈரம் படாமல் மூடிய சாடியில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்ப்பது நன்று. உப்பின் அளவைக் கூட்ட வேண்டாம், வகையை மாற்றினால் போதும். இரத்த அழுத்தம் உள்ள தாய்மார்களுக்கும் இது பொருந்தும். தைராய்டு நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் அயோடின் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணாமல், முதலில் எங்களைக் கலந்துகொள்ளவும்.