கவிழ்ந்த காரை நிமிர்த்துறது யார்?



இந்தக் கிழமை எபிசோடில் லித்தியம் பற்றரி பற்றிக் கதைக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரேடியோ கொன்ட்ரோல் பகி ரேஸ் ஓடுறனான் எண்டு ஒரு வரி சொன்னேன். அதுக்குப் பிறகு வந்த கேள்வி எல்லாம் ஒண்டுதான்: "அண்ணா, அது சின்னப் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமான் எல்லோ?" சரி, இந்தக் கடிதத்தில் அதுக்குத்தான் பதில்.

முதலில் சாமானைப் பார்ப்போம். நான் ஓட்டுவது 1/10 அளவு மின்சார பகி. எடை ஒன்றரைக் கிலோ அளவில் வரும். உள்ளே 7.4 வோல்ற் லைப்போ பற்றரி, ஒரு பிரஷ்லெஸ் மோட்டர். நேரான பாதையில் மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும். நாலு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஷொக்குக்குள் இருக்கிற சிலிக்கோன் எண்ணெயின் தடிப்பை மாற்றினாலே கார் வேற மாதிரி ஓடும். அமெரிக்காவில் களிமண் ட்ராக் அதிகம். இங்கே இங்கிலாந்தில் கோடையில் வெளியே செயற்கைப் புல், குளிர்காலத்தில் விளையாட்டு மண்டபத்துக்குள் கார்ப்பெட். இந்தத் தரைகளில் பிடிமானம் கூடக் கூட, ஒருகாலத்தில் பின் அச்சுக்குப் பின்னால் இருந்த மோட்டர் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது.

எனக்கு இதில் ஆகப் பிடிச்சது ஜம்ப்தான். கார் காற்றில் இருக்கும்போது ஸ்டியரிங்கால் பெரிய பிரயோசனம் இல்லை. ஆனால் அக்சிலரேற்றரை அமத்தினால் மூக்கு மேலே எழும்பும், பிரேக் பிடித்தால் மூக்கு கீழே போகும். சில்லுகள் முன்னோக்கி வேகம் எடுக்கும்போது, கார் அதற்கு எதிர்த் திசையில் சுழலப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் படிச்ச அதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். ஒரு வினாடிகூட இல்லாத நேரத்துக்குள் விரலால் அதைச் செய்ய வேண்டும்.

இது ஒன்றும் புது விளையாட்டு இல்லை. இந்த 1/10 மின்சார வகுப்பின் முதலாவது உலகப் போட்டி 1985இல் கலிஃபோர்னியாவின் டெல் மாரில் நடந்தது. இரண்டாவது, 1987இல் இங்கிலாந்தின் ரொம்சியில். அங்கே நாலு சில்லு இழுவை வகுப்பில் வென்றவர் ஜப்பானின் மசாமி ஹிரோசாகா. அப்போது அவருக்கு வயது 17. பிறகு ரேடியோ கொன்ட்ரோல் கார்களில் மொத்தம் 14 உலகப் பட்டங்கள் வென்றார்.

ஒரு ஓட்டம் 5 நிமிடம். ஏன் ஐந்து? அந்தக் காலத்து நிக்கல் காட்மியம் பற்றரி தாங்கியது கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான். கடைசி நிமிடத்தில் பற்றரி செத்துப்போகாமல் ஓட்டி முடிப்பதே ஒரு தனிக் கலை. இப்போது லைப்போவில் 5 நிமிடம் ஓடி முடிந்த பிறகும் தாராளமாக மிச்சம் இருக்கும். ஆனாலும் அந்த ஐந்து நிமிடம் அப்படியே நிலைத்துவிட்டது.

பற்றரி மட்டும் இல்லை, ரேடியோவும் மாறியது. முன்பு இங்கே 27, 40 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகள். ஒவ்வொருத்தரின் ரிமோட்டுக்குள்ளும் ஒரு கிரிஸ்டல். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரிமோட்டைப் போட்டால், ட்ராக்கில் ஓடுகிற கார் சொன்ன சொல் கேட்காமல் சுவரில் போய் அடிக்கும். அதனால் மண்டபத்தில் ஒரு பலகை இருக்கும், அதில் அலைவரிசைக்கு ஒரு கிளிப். உங்கள் கிளிப் கையில் வந்த பிறகுதான் ரிமோட்டைப் போடலாம். பூட்டு ஒன்றும் கிடையாது, ஆளை ஆள் நம்புறதுதான். 2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட்டுகள் வந்ததும் அந்தப் பலகைக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது ரிமோட்டும் ரிசீவரும் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடித்துவிடும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு காரிலும் ஒரு சின்ன ட்ரான்ஸ்பொண்டர். ட்ராக்குக்கு அடியில் போட்ட கம்பியைக் கார் தாண்டும்போது, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரைக்கும் கணினி கணக்கெடுக்கும்.

இவ்வளவும் மாறியும், மாறாத ஒன்று இருக்கிறது. கார் கவிழ்ந்தால் அதை நிமிர்த்துவது இன்றைக்கும் ஒரு மனிசன்தான்.

அந்த ஆளுக்குப் பெயர் மார்ஷல். சம்பளத்துக்கு வந்த ஆள் இல்லை. போன ஹீட்டில் ஓடின ஆட்கள்தான் இந்த ஹீட்டுக்கு மார்ஷல். உங்கள் ஓட்டம் முடிந்ததும் காரை மேசையில் வைத்துவிட்டு, உங்கள் இலக்கம் போட்ட மூலையில் போய் நிற்க வேண்டும். கன கிளப்புகளில் போகாமல் விட்டால் உங்களின் ஆகச் சிறந்த ஓட்டத்தையே கழித்துவிடுவார்கள்.

வேலை லேசு மாதிரித் தெரியும், லேசு இல்லை. வருகிற கார்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது. கால் வைக்க முதல் பார்க்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் கணுக்காலில் பட்டால் ஒரு கிழமைக்கு நோகும். காரைத் தூக்கி, சரியான திசையில், இன்னொரு காருக்கு முன்னால் போகாத இடத்தில் வைக்க வேண்டும்.

அப்பா ஒருக்கா பார்க்க வந்தவர். வீட்டுக்குத் திரும்பி வரேக்கை கேட்டார்: "தம்பி, உனக்குப் போட்டியா ஓடுற பொடியன்ர காரை நீ ஏன் ஓடிப்போய்த் தூக்கிறாய்?"

அது லேசான கேள்வி இல்லை. குவாலிஃபையிங்கில் நாங்கள் ஒரே ஹீட்டில் ஓடாவிட்டாலும், எல்லாருடைய நேரத்தையும் சேர்த்துத்தான் வரிசைப்படுத்துவார்கள். முதல் பத்துப் பேர் ஏ ஃபைனல், அடுத்த பத்துப் பேர் பி ஃபைனல். போன குளிர்காலத்தில் ஒரு நாள், கடைசிச் சுற்றுக் குவாலிஃபையிங். என் ஓட்டம் முடிந்தபோது நான் பத்தாவது இடம். அடுத்த ஹீட்டில் என்னைப் பிடிக்கக்கூடிய ஆள் ஒருத்தர்தான். நான் மார்ஷலாக நிற்கிறேன். ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போது, அவருடைய கார் ஜம்ப்பில் இருந்து இறங்கி, சரியாக என் மூலையில் தலைகீழாகக் கிடக்கிறது.

நான் ஒரு வினாடி பிந்திப் போயிருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது. "வேற கார் வந்தது, பார்த்துத்தான் போனன்" எண்டு சொன்னால் ஆர் கேட்கப் போகினம்? உண்மையிலேயே ஒரு கார் வந்தது. அது போகும் மட்டும் நின்றேன், அடுத்த அடியிலேயே போய் நிமிர்த்திவிட்டேன். அவர் என்னை முந்தியது 0.4 வினாடியால். ஏ ஃபைனல் அவருக்கு, பி ஃபைனல் எனக்கு. ஓட்டுநர் மேடையில் இருந்து இறங்கி நேரே என்னட்டை வந்து கை தந்தார். வேறு பேச்சு இல்லை. பி ஃபைனலில் என் கார் ஒருதரம் கவிழ்ந்தபோது, தூக்கினவர் நான் பெயரே தெரியாத ஒரு 12 வயசுப் பிள்ளை. மின்னல் வேகம்.

அண்டைக்கு எனக்கு ஒரு விசயம் விளங்கினது. கணினி ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியை அளக்குது. ஆனால் முடிவைத் தீர்மானிக்கிற முழு ஒரு வினாடி இன்னொருத்தரின் கையில் இருக்குது. அந்தக் கை நேர்மை இல்லையெண்டால், மேலே இருக்கிற எண்ணுக்கு ஒரு அர்த்தமும் இல்லை.

இதையும் தானியங்கி ஆக்கலாமே எண்டு கேட்பீர்கள். கடையில் விற்கிற சில பெரிய ட்ரக்குகள் பட்டனை அமத்தினால் தாங்களே நிமிரும். ரேஸ் பகிக்கு அது சரிவராது: பாரம் கூடும், ட்ராக் ஓரக் குழாய்க்குள் சிக்கின காரை அது எடுக்கவும் மாட்டாது. அப்படி ஒன்று வந்தாலும் எனக்கு விருப்பம் இருக்காது. கிளிப் பலகை போனதில் நாங்கள் ஒன்றையும் இழக்கவில்லை. மார்ஷல் போனால் இழப்போம். ஓடி முடிந்த ஆட்கள் பற்றரியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், கிளப் எண்டு ஒன்று மிஞ்சாது.

வந்து பார்க்க விருப்பமா? முதல் நாள் ஒன்றும் வாங்காதேங்கோ. சும்மா போய் நின்று பாருங்கோ. பிறகு பழகிய ஆட்களிடம் பாவிச்ச கார் ஒன்று கேளுங்கோ. கிளப்பில் எப்பவும் ஆராவது ஒன்றை விற்பார்கள். லைப்போவைச் சார்ஜ் போடுறதுக்குத் தீ தாங்கும் பை கட்டாயம் வேணும். நான் முதல் நாள் போனபோது அந்த மண்டபத்தில் வேறு தமிழ் முகம் இல்லை, பெரிதாக ஒருத்தரும் கதைக்கவும் இல்லை. மார்ஷல் நின்று இரண்டு காரைக் கெதியாக நிமிர்த்தினேன். தேநீர் நேரத்தில் மூன்று பேர் வந்து என் காரின் செட்டப்பைத் திருத்தித் தந்தார்கள்.

சப்பாத்து மட்டும் நல்லதாப் போட்டுக்கொண்டு போங்கோ. செருப்போட மார்ஷல் நிற்க விடமாட்டினம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.