புதிய இயங்குதளத்தை எதிலிருந்து நிறுவுவது?

சங்கக் காரியாலயங்களில் பேரேடும் ரொக்கப் புத்தகமும் இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. நூல் கையிருப்பு, நெசவுக் கூலிப் பட்டியல், பயிர்க்கடன் கணக்கு, அங்கத்தினரின் பங்குத் தொகை ஆகிய யாவும் அதனுள்ளே அடங்கியுள்ளன. நாம் பார்வையிடச் செல்லும் சங்கங்களில் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திலேயே இன்னும் வேலை நடைபெறுவதைக் காண்கிறோம். அதற்குரிய ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. பொறி அதனால் நின்றுவிடாது. எனினும், நீட்டிப்புக்கெனத் தனியே பதிவு செய்துகொண்ட பொறிகளுக்கன்றிப் பிறவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பூட்டுத் தேய்ந்த இரும்புப் பெட்டியில் சங்கத்தின் ரொக்கத்தை வைப்பதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமென்று பல காரியதரிசிகள் விரும்புகின்றனர். பொறி அதற்குத் தகுதியுடையதா என்பதை முதலில் அறிதல் வேண்டும். 64 பிட் செயலி, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவை குறைந்த அளவுத் தேவைகள். செயலி மிகப் பழையதாயின், மற்றவை யாவும் இருந்தும் பயனில்லை. இதனைச் சோதித்துச் சொல்லும் சிறு நிரலொன்றை அந்நிறுவனமே இலவசமாகத் தருகிறது. தகுதியுள்ள விண்டோஸ் 10 பொறிக்கு இம்மாற்றத்திற்கெனக் கட்டணம் ஏதுமில்லை. எவரேனும் உரிமத் தொகை கேட்பாராயின் கொடுக்க வேண்டுவதில்லை.

இனி, எதிலிருந்து நிறுவுவது என்ற கேள்விக்கு வருவோம். 1995ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95, குறுந்தட்டில் மட்டுமன்றிப் பதின்மூன்று பிளாப்பி வட்டுகளிலும் விற்கப்பட்டது. பின்னர் டி.வி.டி. வந்தது. அந்தப் பழக்கத்தாலேயே இன்றும் சிலர் தட்டைத் தேடுகின்றனர். சாதாரண டி.வி.டி. ஒன்றில் 4.7 ஜி.பி. வரையிலேயே அடங்கும். விண்டோஸ் 11 நிறுவற்கோப்போ 5 ஜி.பி.யைக் கடந்துவிட்டது. இரட்டை அடுக்குத் தட்டில் 8.5 ஜி.பி. கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் அத்தட்டு எளிதில் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் புதிய பொறிகளில் அதைச் செருக இடமே இருப்பதில்லை. தட்டை நாம் மறந்துவிடலாம்.

இணையத்தின் வழியாக நேரே மாறுவது எளிய வழி. விரைவான இணைப்பும் ஒரே பொறியும் உள்ள சங்கத்திற்கு அதுவே போதும். மூன்று நான்கு பொறிகள் இருந்து, கைப்பேசி இணைப்பையே நம்பியிருக்கும் சங்கமாயின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அத்தனை ஜி.பி. இறக்குவது வீண் செலவு. அங்கே பென் டிரைவே தக்கது. ஒருமுறை ஆக்கிக்கொண்டால் எல்லாப் பொறிகளுக்கும் உதவும்.

பென் டிரைவ் 8 ஜி.பி.யேனும் உடையதாயிருத்தல் வேண்டும். அதை ஆக்கும் வேளையில் அதிலுள்ளவை அனைத்தும் அழிந்துபோகும் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். சங்கத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே பென் டிரைவ். கணக்கின் நகலும் அதிலேதான் இருக்கும். நகலைக் காப்பாற்ற வேண்டிய வேளையில் அந்த நகலையே அழித்துவிடும் அபாயம் இதில் உள்ளது. புதிதாக ஒன்று வாங்கும் சில நூறு ரூபாயைச் செயற்குழுவினர் மறுக்கலாகாது.

கோப்பை இறக்கிப் பென் டிரைவில் அப்படியே நகலெடுத்தால் பொறி அதிலிருந்து தொடங்காது. எப்.ஏ.டி. 32 முறையில் அமைந்த பென் டிரைவ் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்பதுமில்லை. மைக்ரோசாப்டின் இணையதளத்தில் உள்ள நிறுவல் ஊடகம் ஆக்கும் கருவி இவ்விரண்டையும் தானே சரிசெய்துகொள்ளும். ஐ.எஸ்.ஓ. கோப்பாகவே இறக்கினால், அதன் எஸ்.எச்.ஏ. 256 எண் தளத்தில் காட்டப்பெறும் எண்ணோடு பொருந்துகிறதா என ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை விலக்கிவிடுக. கடைத்தெருவில் எவரோ பதிந்து தரும் நகலை, நூல் விலைக்குச் சமமாகத் தந்தாலும் இலவசமாகத் தந்தாலும், சங்கப் பொறியில் நுழைத்தல் கூடாது.

பென் டிரைவைப் பயன்படுத்தும் முறையில்தான் பலரும் தடுமாறுகின்றனர். பொறியை அணைத்து, பென் டிரைவிலிருந்தே தொடங்கினால், அது புதிதாக நிறுவும் வழியாகும். கணக்கு மென்பொருள் அதில் மிஞ்சாது. விண்டோஸ் 10 இயங்கிக்கொண்டிருக்கும்போதே பென் டிரைவைத் திறந்து, அதிலுள்ள ‘செட்டப்’ கோப்பை இயக்கினால், கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு திரையில் தோன்றும். சங்கத்திற்கு வேண்டியது இந்த இரண்டாவது வழியே. அந்த வாய்ப்பு மங்கித் தோன்றுமாயின் மேலே செல்லாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் மொழிப் பொருத்தமின்மையே காரணமாயிருக்கும். பொறியில் இருப்பது அமெரிக்க ஆங்கிலப் பதிப்பாயின் பென் டிரைவிலும் அதுவே இருக்க வேண்டும். பன்னாட்டு ஆங்கிலம் என்பது வேறு பதிப்பு. விண்டோஸ் 10 பொறியில் 32 பிட் பதிப்பாக இருந்தால் இவ்வழி அறவே இல்லை. விண்டோஸ் 11 64 பிட் பதிப்பாக மட்டுமே வருகிறது. புதிதாக நிறுவிக் கணக்கு மென்பொருளை மீண்டும் ஏற்ற வேண்டியதுதான்.

தொடங்குமுன் கணக்குகளின் நகலை வேறிடத்தில் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுக. பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியெண்ணைத் தாளில் எழுதி இரும்புப் பெட்டியில் வைத்தல் நலம். பாஸ்புத்தக அச்சுப்பொறி, விரல்ரேகைக் கருவி ஆகியவை புதிய தளத்தில் இயங்குமா என்று அவற்றை விற்றவரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம். கூலிப் பட்டுவாடா நாளிலும் மாதக் கடைசியிலும் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். மின்சாரம் நின்றாலும் தாங்கும்படி யு.பி.எஸ். இருக்கட்டும்.

மாறிய பின்னர் ஏதேனும் ஒவ்வாவிடில் பத்து நாட்களுக்குள் அமைப்புப் பக்கத்தின் வழியே பழைய தளத்திற்குத் திரும்பலாம். எனவே அப்பத்து நாட்களுக்குள் கூலிப் பட்டியல் ஒன்றையும் கடன் ரசீது ஒன்றையும் அச்சிட்டுச் சோதித்துவிட வேண்டும். வேலை முடிந்ததென்று பென் டிரைவை வேறு காரியத்திற்கு எடுக்காமல், பெயரெழுதி ஒட்டிப் பீரோவில் வைத்திருக்கலாம். பின்னொரு நாள் பொறி தொடங்க மறுத்தால், பழுது நீக்கும் வசதியை அதிலிருந்தே திறக்க இயலும்.