பத்து ரூபாய்ப் பங்கு

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்று ஒரு பெரிய நகரம். அங்கே மாணெக் சௌக் என்ற கடைவீதி இருக்கிறது. பெண்கள் பலர் அங்கே தரையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்பார்கள்.

1970-களில் அவர்கள் கணக்கு எப்படி இருந்தது? கையில் முதல் கிடையாது. காலையில் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குவார்கள். காய் எடுப்பார்கள். விற்று முடித்து, மாலையில் 55 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் அதே வட்டிக்காரர்.

5 ரூபாய்தானே என்று தோன்றும். மாதம் 25 நாள் வியாபாரம் என்று வையுங்கள். வட்டி மட்டும் 125 ரூபாய்! வாங்கிய முதலோ 50 ரூபாய்தான்.

சேமிக்கலாமே என்று சொல்வது சுலபம். எங்கே சேமிப்பது? மாவு டப்பாவில் போட்டு வைத்தால் ஒரு வாரம் தங்காது. குழந்தைக்குக் காய்ச்சல் வரும். உறவில் கல்யாணம் வரும். புருஷன் கேட்பார். இல்லை என்று சொல்ல முடியுமா?

1969-இல் அரசு 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. ஏழைகளுக்கும் கடன் தரச் சொன்னது. ஆனால் வங்கி திறக்கும் நேரம்தான் இவர்களுக்கு வேலை நேரம். அழுக்குச் சேலையோடு, குழந்தையோடு போனால் அங்கே முகம் சுளித்தார்கள்.

எலா பட் என்ற வழக்கறிஞர் 1972-இல் இந்தப் பெண்களுக்காகச் 'சேவா' என்ற சங்கத்தைத் தொடங்கினார். எல்லாரும் அவரை எலாபென் என்பார்கள். பென் என்றால் குஜராத்தியில் சகோதரி. சங்கத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். முதலாளி இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்று கேட்டார்கள். நாள் முழுவதும் சுமை தூக்குவது வேலை இல்லையா?

பிறகு 1974-இல் அந்தப் பெண்கள் தங்களுக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். 4,000 பெண்கள். ஆளுக்கு 10 ரூபாய்ப் பங்கு. மொத்தம் 40,000 ரூபாய்.

வங்கியைப் பதிவு செய்யக் கையெழுத்து வேண்டும். பெயர் கொடுத்த பெண்களுக்கு எழுதத் தெரியாது. இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். பேனா பிடித்த முதல் நாள் விரல் எப்படி வலித்தது என்று உங்களுக்குத் தெரியுமே!

எழுதத் தெரியாத மற்றவர்களுக்கும் வழி செய்தார்கள். கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடிக்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் படம்தான் அடையாளம். வங்கி ஆட்களே வீடு தேடி, கடைவீதி தேடி வந்து சேமிப்பை வாங்கினார்கள். கணக்கு பெண்ணின் பெயரில். பணத்தை எடுப்பதும் அவள் கையெழுத்தில் அல்லது கைநாட்டில். இனி அவசரப்பட்டு யாரும் டப்பாவைத் திறக்க முடியாது.

இப்போது பழைய கணக்கைத் திரும்பப் போடுங்கள். தினம் 1 ரூபாய் சேர்த்தால் 50 நாளில் 50 ரூபாய். 51-ஆம் நாள் காலையில் காய் எடுக்கச் சொந்த முதல் இருக்கும். மாலையில் அந்த 5 ரூபாய் அவளிடமே நிற்கும். மாதம் 125 ரூபாய். தலைச்சுமைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு தள்ளுவண்டி வாங்கலாமா என்று அவள் விலை விசாரிக்கத் தொடங்கலாம்.