உங்களுக்குத் தெரியுமா? மாத்திரைக்கும் ஒரு பாஸ்புக்!

★ தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கியில் கொடுப்பது அல்ல, மருந்துக்கான பாஸ்புக். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் கொண்டுவந்த ஏற்பாடு இது. மருந்துக்கென அரசு ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு மருத்துவமனையின் கைக்கு ரொக்கமாகப் போவதில்லை. ‘இந்த ஆண்டு இத்தனை ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம்’ என்ற வரம்பு மட்டும் பாஸ்புக்கில் ஏறும். மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்க எடுக்க, அதன் விலை அந்த வரம்பிலிருந்து கழியும். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனையே முடிவு செய்துகொள்ளலாம். பாம்புக்கடி அதிகமுள்ள வட்டாரம் விஷமுறிவு ஊசியைக் கூடுதலாக எடுக்கும். வயிற்றுப்போக்கு பரவும் ஊர் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை எடுக்கும். பணத்தைத் தொடாமலேயே பணத்தின் மேல் உரிமை! தமிழ்நாட்டு நிர்வாகம் கண்ட மிக நல்ல யோசனைகளில் இதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

★ மாநிலம் முழுமைக்கும் ஒரே டெண்டர் என்பதால் கழகத்துக்கு மருந்து மலிவாகக் கிடைக்கிறது. மலிவு என்றால் மட்டமானதோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அதற்காகத்தான், வந்திறங்கும் மருந்தின் மாதிரிகளைத் தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறார்கள். தரச்சான்று வந்த பிறகே மருந்து கிடங்கை விட்டு வெளியேறும். இதே வழியில் கேரளமும், 2011-இல் ராஜஸ்தானும் தங்களுக்கென மருத்துவப் பணிகள் கழகங்களை அமைத்துக்கொண்டன.

★ அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. ஆனாலும் தேசிய நலவாழ்வுக் குழுமத் திட்டத்துக்கு மத்திய அரசு 60 ரூபாய் தந்தால் மாநிலம் 40 ரூபாய் போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு இது 90-க்கு 10.

★ அந்த 60 ரூபாயும் ஒரே மூச்சில் வராது. தவணை தவணையாக வரும். முன்பு வாங்கியதை எதற்குச் செலவழித்தோம் என்று பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்த தவணை. கணக்குப் பிரிவில் ஒரு கோப்பு தேங்கினால், அதன் வலி எங்கோ ஒரு தொகுப்பூதியச் செவிலியரின் சம்பள நாளில் தெரியும். இந்தக் கண்ணியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

★ மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகக் கொள்முதல் நடக்கும். கடைசி மாதங்களில் இப்படிச் செலவைக் குவிப்பது நிதி ஒழுங்கை மீறுவதாகும் என்று மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே சொல்கின்றன. ஆண்டின் கடைசிக் காலாண்டில் பட்ஜெட்டில் 33 சதவீதத்துக்கு மேலும், மார்ச்சில் மட்டும் 15 சதவீதத்துக்கு மேலும் செலவிடக் கூடாது என்பது மத்திய அமைச்சகங்களுக்கான வரம்பு. என்னைக் கேட்டால், குற்றம் செலவழிப்பவரிடம் மட்டும் இல்லை. பணம் ஜனவரியில் வந்து சேர்ந்தால் அவர் ஜூனில் எப்படிச் செலவழித்திருக்க முடியும்?

★ வருமான வரியோடு சேர்த்து 4 சதவீதம் ‘சுகாதாரம், கல்வி’ செஸ் கட்டுகிறோம். 2018-க்கு முன்பு அது 3 சதவீதக் கல்வி செஸ்ஸாக இருந்தது. செஸ் என்பதால் மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளும் வரித் தொகுப்பில் இது சேராது. அரசு மருத்துவமனைகளைப் பெரும்பாலும் நடத்துவது மாநிலங்கள்; அவற்றுக்கு இதில் உரிமைப் பங்கு இல்லை. இது நியாயமாகப் படவில்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு: செஸ்ஸில் சுகாதாரத்துக்கான பங்கைச் சேர்த்துவைக்க 2021-இல் ஒரு தனி நிதியம் ஏற்படுத்தினார்கள். மார்ச் 31 வந்தாலும் அதில் உள்ள பணம் காலாவதியாகாது.

★ தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000. இந்தக் கடைசித் தொகையில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் மீதி பணமாகவும் தரப்படுகிறது. அந்தப் பணமும் ஒரே மூச்சில் வராது, தவணைகளாக வரும்.

★ மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதம் என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கு. அதே ஆண்டில் அரசுகளின் சுகாதாரச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 சதவீதம். 2017 தேசியச் சுகாதாரக் கொள்கை 2025-க்குள் எட்டிவிடச் சொன்னது 2.5 சதவீதம்.

★ கிராமச் சுகாதாரக் குழு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை தர நலவாழ்வுக் குழுமத்தின் விதிமுறையில் இடமுண்டு. இன்ன தலைப்பில்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டு இந்தப் பணத்துக்கு இல்லை. கொசுப்புழு ஒழிக்கலாம், ஆதரவற்ற நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்ப வண்டி வைக்கலாம். உங்கள் ஊருக்கு எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கிராம சபையில் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடுகிறது.