நடக்கவிட்டு எடுங்கள்

வளர்க்கும் நாயைப் படம் எடுக்க வேண்டும் என்றால் பலரும் அதைத் திண்ணையோரம் உட்கார வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்துக்கு நேராகச் செல்போனை நீட்டுகிறார்கள். நேருக்கு நேர் வெறிக்கும் பார்வையை நாய்கள் பெரும்பாலும் மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும். காது பின்னால் படியும், நாக்கு மூக்கை நக்கும், தலை ஒருபக்கம் திரும்பும். இவை பதற்றத்தின் அடையாளங்கள். நாமோ அதை அடக்கம் என்று ரசிக்கிறோம். அதே நாயை முத்துப்பேட்டையில் கோரையாற்றங்கரைக்கோ, சம்பா அறுத்த வயல் வரப்புக்கோ கூட்டிப் போனால் மோப்பமும் நடையும் வாலின் அசைவும் தாமாக வெளிப்படும். ஒரு நாயை அறிய விரும்புகிறவருக்கு நடையில் எடுத்த படம்தான் உண்மையான படம் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. பாய்ந்தோடும் குதிரையை வரைந்த ஓவியர்கள், முன்கால்கள் முன்னும் பின்கால்கள் பின்னுமாக நீண்டு அது அந்தரத்தில் நிற்பதாகவே நெடுங்காலம் வரைந்தார்கள். 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம் எடுத்தபோது, நான்கு கால்களும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும் நொடியில்தான் குதிரை தரையை விடுகிறது என்று தெரிந்தது. வேட்டை நாய்களின் பாய்ச்சல் இன்னும் வியப்பானது: கால்கள் மடங்கும்போது ஒருமுறை, விரியும்போது ஒருமுறை என இருமுறை அந்தரத்தில் போகும். நம் சிப்பிப்பாறை நாயின் ஒடுங்கிய இடுப்பும் நீண்ட கால்களும் அந்த ஓட்டத்துக்காகவே அமைந்தவை. உட்கார வைத்த படத்தில் அவை வெறும் ஒல்லியாகத்தான் தெரியும்.

திடீரென வரும் கணத்தை எப்படிப் பிடிப்பது, எல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். பெரும்பகுதி கணக்குதான். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் நாய் நொடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. ஷட்டர் நொடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருந்தால் அதற்குள் நாய் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்து படம் கலங்கிவிடும். 1000-இல் ஒரு பங்கு என்றால் ஒரு சென்டிமீட்டர்தான். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஆனால் உச்சிவெயில் வேண்டாம்; காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தால் ரோமமும் தசையும் தெரியும். கருத்த மண்ணில் வெள்ளை ராஜபாளையம் நாய் வெளிறிப் போகும் என்பதால் திரையில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் உயரம். எலியட் எர்விட் 1946-இல் நியூயார்க்கில் எடுத்த புகழ்பெற்ற படத்தில் ஒரு பெண்ணின் பாதங்கள் மட்டுமே தெரியும். பக்கத்தில் ஸ்வெட்டர் போட்ட குட்டி நாய் முழுதாக நிற்கும். நாயின் மட்டத்துக்குக் கேமரா இறங்கியதால் கிடைத்த படம் அது. வரப்பில் நாயும் வயலில் நாமுமாக நடந்தால் குனிய வேண்டிய வேலையும் பாதி குறைகிறது.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஓட்டத்தைப் படம் பிடிக்கச் சங்கிலியை அவிழ்த்தால் யாருக்குத் தொல்லை? முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரையோடு சேர்ந்து 2002-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதி. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் சேற்றுத் திட்டில் இரைதேடும். துரத்தும் நாய் அவற்றை விரட்டிக்கொண்டே இருந்தால் தீனியும் ஓய்வும் கெடும். அங்கே நாயையே கூட்டிப் போகக் கூடாது. ஊருக்குள்ளும் ஆடுமாடு மேயும் இடத்தில் அவிழ்க்க வேண்டாம். அறுவடை முடிந்து உளுந்தும் விதைக்காத வயல், அதுவும் உடையவரிடம் கேட்டுக்கொண்ட பிறகு, ஓடவிடப் பொருத்தமான இடம். தெருநாய்களிடம், குறிப்பாகக் குட்டி போட்டவற்றிடம், படத்துக்காகக் குந்தி முகத்தைக் கிட்டே கொண்டுபோவது ஆபத்து. தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்கலாம்.